தாளில் பிறந்த கணனி

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரிலே பேச வருகிறவர்கள் பெரும்பாலும் கவிதையையும் சிறுகதையையும் எடுத்துக்கொள்வார்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் கணனி. தமிழ் ஆசிரியனுக்குக் கணனியோடு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நான் பேசப்போவது அந்த இயந்திரத்தைப் பற்றி அல்ல. அது உருவாவதற்கு முன்னரும், உருவான புதிதிலும் அச்சாகிய நூல்கள், கட்டுரைகள், கையேடுகள், றோனியோத் தாள்கள் ஆகியவற்றைப் பற்றியும், அவற்றைத் தேடிச் சேர்ப்பவர்களைப் பற்றியுமே பேசப்போகிறேன். பழைய ஏட்டையும் பழைய அச்சையும் தேடி அலைவது தமிழ் ஆசிரியனுக்குப் புதிய வேலை அல்லவே!

நமது இலக்கிய மரபிலே உரைக்குத் தனியிடம் உண்டு. குறள் இரண்டே அடி. பரிமேலழகர் உரை அதைவிடப் பன்மடங்கு. இறையனார் களவியலில் சூத்திரங்கள் 60 மட்டுமே. அதன் உரையோ ஒரு பெருநூல். மூலத்தை விளக்கப் புகுந்த உரையாசிரியர், மூலத்தில் இல்லாத புதிய கருத்துகளையும் சொல்லிச் செல்வது நமக்குப் பழகிப்போன ஒன்று. கணனி வரலாற்றின் மிக முக்கியமான முதற் பிரசுரங்களுள் ஒன்றும் இப்படிப்பட்ட ஓர் உரைதான் என்று சொன்னால் நேயர்களுக்கு வியப்பாக இருக்கும்.

இங்கிலாந்திலே சார்ள்ஸ் பபேஜ் என்ற கணித அறிஞர், எந்தக் கணக்கையும் செய்யக்கூடிய ஓர் இயந்திரத்தைத் திட்டமிட்டார். பகுப்பு இயந்திரம் என்று அதற்குப் பெயர். அவர் காலத்தில் அது முழுமையாகக் கட்டி முடிக்கப்படவே இல்லை. 1840 ஆம் ஆண்டு அவர் இத்தாலியின் துரின் நகருக்குச் சென்று அதைப் பற்றி விளக்கினார். அதன் அடிப்படையில் மெனாபிரியா என்ற பொறியியலாளர் 1842 இல் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அடா லவ்லேஸ் சீமாட்டி. கவிஞர் பைரனின் மகள் அவர். மொழிபெயர்ப்போடு நில்லாமல் ஏழு குறிப்புகளையும் எழுதிச் சேர்த்தார். அந்தக் குறிப்புகள் மூலக் கட்டுரையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளமானவை. 1843 இல், பிறமொழி விஞ்ஞானக் கட்டுரைகளை மொழிபெயர்த்து வெளியிடும் இலண்டன் தொகுதி ஒன்றில் அவை அச்சாகின. எழுதியவர் பெயர் முழுமையாக இல்லை. ஏ.ஏ.எல். என்ற மூன்று முதலெழுத்துகள் மட்டுமே இருந்தன.

கடைசிக் குறிப்பிலே, பேர்னூலி எண்கள் எனப்படும் ஓர் எண்வரிசையை அந்த இயந்திரம் எந்தப் படிமுறையில் கணித்தெடுக்கும் என்று ஓர் அட்டவணை உண்டு. அதையே உலகின் முதற் கணனிச் செய்நிரல் என்று பலர் கொள்கின்றனர். இன்னொரு குறிப்பிலே, எண்களோடு மட்டும் இந்த இயந்திரம் நின்றுவிட வேண்டியதில்லை, இசையைக்கூட அமைக்கக்கூடும் என்ற கருத்தைச் சொல்கிறார். கட்டப்படாத இயந்திரம் ஒன்றுக்கு எழுதப்பட்ட உரை, நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த இயந்திரங்களுக்குப் பொருந்தியது. அடா 1852 இல், தமது 36 ஆவது வயதில் காலமானார். 2018 இல் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஏலத்தில் அந்த உரையின் ஒரு பிரதி 95,000 பவுண் விலைக்குப் போயிற்று.

இந்த இடத்தில் நமது மருதமுனையை நினைக்காமல் இருக்க முடியாது. கைத்தறிக்குப் பேர்போன ஊர் அது. பபேஜ் தமது இயந்திரத்துக்கு வேண்டிய கட்டளைகளைக் கொடுக்கும் வழியை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? ஒரு தறியிலிருந்துதான். பிரான்சின் லியோன் நகரத்து நெசவாளர் ஜக்கார்ட், 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலைப்பாடு நெய்யும் தறியை உருவாக்கினார். எந்த இழை எழும்ப வேண்டும், எது தாழ வேண்டும் என்பதை அட்டையின் துளை தீர்மானிக்கும். அந்தத் தறியிலே பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை பபேஜ் தம்மிடம் வைத்திருந்தார். சுமார் 24,000 அட்டைகள் கொண்டு நெய்யப்பட்ட படம் அது. அடாவும் தமது குறிப்பிலே இயந்திரத்தின் வேலையை நெசவோடு ஒப்பிட்டுப் பேசுகிறார். பாவும் ஊடும் அறிந்த மருதமுனைப் பிள்ளைக்குக் கணனியின் தோற்றத்தைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வகுப்பிலே நான் இதைச் சொல்லியிருக்கிறேன். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளின் கண்கள் விரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஒரு சிறு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆய்வுச் சஞ்சிகையிலே கட்டுரை எழுதுபவருக்கு, அந்தக் கட்டுரையின் பக்கங்களை மட்டும் தனியாக அச்சிட்டுச் சில பிரதிகள் கொடுப்பது வழக்கம். தனிப்பிரதி என்று இதைச் சொல்லலாம். அலன் டியூரிங் என்ற இளைஞர், எவற்றைக் கணித்தெடுக்க முடியும், எவற்றை முடியாது என்று ஆராய்ந்த கட்டுரை, இலண்டன் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் 1936, 1937 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. இன்றைய கணனியின் கோட்பாட்டு அடித்தளமே அந்தக் கட்டுரைதான். ஆனால் அது வெளிவந்தபோது, தனிப்பிரதி கேட்டு இரண்டே இரண்டு கடிதங்கள்தாம் வந்தன என்று டியூரிங் தமது தாயாருக்கு எழுதினார். 24 வயது இளைஞரின் ஏமாற்றம் அதிலே தெரிகிறது.

அதே டியூரிங்கின் தனிப்பிரதிகள் பலவற்றை அவருடைய ஆசிரியர் மக்ஸ் நியூமன் பாதுகாத்து வைத்திருந்தார். அந்தத் தொகுப்பு 2010 இல் ஏலத்துக்கு வந்தபோது, அதை இங்கிலாந்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று பொதுமக்கள் பணம் சேர்க்கத் தொடங்கினர். கூகிள் நிறுவனம் 100,000 டொலர் கொடுத்தது. அந்நாட்டின் தேசிய மரபுரிமை நினைவு நிதியம் 2 இலட்சம் பவுணுக்கு மேல் கொடுத்தது. 2011 இல் அவை, போர்க்காலத்தில் டியூரிங் பணிபுரிந்த பிளெச்லி பார்க் அரும்பொருளகத்துக்கு வந்து சேர்ந்தன. ஒரு காலத்தில் இரண்டு பேர் கேட்ட தாளுக்கு, முக்கால் நூற்றாண்டு கழித்து ஒரு நாடே நிதி திரட்டியது.

மூன்றாவது உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. ஏனென்றால் அது அச்சிட்ட நூல்கூட அல்ல, தட்டச்சில் அடித்துப் படியெடுத்த தாள்கள். 1945 ஜூன் மாதம் 30 ஆம் திகதியிட்ட அந்த அறிக்கையை எழுதியவர் ஜோன் வொன் நியூமன். 101 பக்கங்கள். எட்வக் என்ற இயந்திரத்துக்கான முதல் வரைவு அது. கணக்குக்குரிய எண்களையும், கணக்கைச் செய்யும் கட்டளைகளையும் ஒரே நினைவகத்தில் வைக்கலாம் என்ற எண்ணத்தைத் தெளிவாக எடுத்துரைத்த முதல் எழுத்து என்று அதைச் சொல்வர். நமது மேசையில் இருக்கும் கணனியும் கையில் இருக்கும் தொலைபேசியும் இன்றும் அந்த எண்ணத்தின் வழியில்தான் இயங்குகின்றன.

அந்த அறிக்கையில் வொன் நியூமனின் பெயர் மட்டுமே இருந்தது. அந்தத் திட்டத்தில் உழைத்த எக்கட், மோச்லி ஆகியோரின் பெயர்கள் இல்லை. கோல்ட்ஸ்ரைன் என்ற அதிகாரி முதலில் 24 பிரதிகளை அனுப்பிவைத்தார். பின்னர் அது இன்னும் பலர் கைகளுக்குப் போயிற்று. 1947 இல்தான் எக்கட்டும் மோச்லியும் தமது எனியாக் இயந்திரத்துக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தனர். இந்த வழக்கு அமெரிக்க நீதிமன்றம் ஒன்றிலே 1973 ஒக்டோபரில் தீர்க்கப்பட்டது. காப்புரிமை செல்லாது என்றார் நீதிபதி. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, விண்ணப்பத்துக்கு ஓராண்டுக்கும் மேல் முன்னரே அந்தப் படித்தாள்கள் வெளியாகி, விஷயம் பகிரங்கமாகிவிட்டது என்பதாகும். கணனியைத் தனியொரு நிறுவனத்தின் சொத்தாக விடாமல் தடுத்தவற்றுள் அந்தப் படித்தாள்களும் உண்டு!

இப்படியான தாள்களைத் தேடிச் சேர்த்தவர்கள் சிலர் உலகில் உண்டு. அமெரிக்காவில் ஜெரமி நோர்மன் என்ற பழம்புத்தக வணிகர் சேர்த்த தொகுப்புக்கு 2002 இல் ஒரு பெரிய விபரப்பட்டியல் நூலே வெளிவந்தது. 2005 பெப்ரவரியில் அந்தத் தொகுப்பு நியூயோர்க்கில் ஏலம் போயிற்று. எர்வின் டொமாஷ் என்பவர் கணனித் தொழிலில் சம்பாதித்ததைக் கொண்டு, கணக்கிடும் கலை பற்றிய பழைய நூல்களைச் சேர்த்தார். மணிச்சட்டக் கணக்கு முதல் மின்னணு இயந்திரம் வரை அவரது நூலகத்தில் இடம்பெற்றன. பபேஜின் பெயரில் ஓர் ஆய்வு நிறுவனம் உருவாகவும் அவர் காரணமாக இருந்தார். அது இன்று மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது.

இவர்களுக்கு வசதி இருந்தது, செய்தார்கள். நமக்கென்ன என்று கேட்கலாம். பபேஜையும் டியூரிங்கையும் நாம் தேட வேண்டியதில்லை. அவற்றைக் காக்க ஆட்கள் இருக்கிறார்கள். நமது மொழி கணனிக்குள் புகுந்த கதைக்கும் இதேபோன்ற முதல் தாள்கள் உண்டு. அவற்றைக் காக்க யார் இருக்கிறார்கள் என்பதுதான் என்னுடைய கேள்வி.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணக்கைத் தமிழில் எழுதுவது நமக்குப் பழைய பழக்கம். திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடியும், காரி நாயனாரின் கணக்கதிகாரமும் ஏட்டில் இருந்து அச்சுக்கு வந்தன. யாழ்ப்பாணத்தில் கறோல் விசுவநாதபிள்ளை 1855 இல் வீசகணிதம் என்ற அட்சரகணித நூலை வெளியிட்டார். புதிய அறிவைத் தமிழில் சொல்ல வேண்டும் என்ற துணிவு அப்போதே இருந்தது.

பின்னர் தட்டச்சு வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுக்கு விசைப்பலகை அமைத்தார். 1980களில் தனியாள் கணனிகள் பரவியபோது, கனடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர்கள், யாரும் கேட்காமலே தமிழ் எழுத்தைத் திரைக்குக் கொண்டுவர முயன்றார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி சிறுகதை எழுத்தாளர். அவர் தமது முயற்சிக்குக் கணியன் என்று பெயர் வைத்தார். எத்தனை பொருத்தமான பெயர்! ஆங்கிலத்திலே கொம்பியூட்டர் என்ற சொல், இயந்திரத்தைக் குறிப்பதற்கு முன்னர் நெடுங்காலம் கணக்குப் போடும் மனிதரைக் குறித்து வந்தது. தமிழிலும் கணியன் என்றால் கணித்துச் சொல்பவன். கணியன் பூங்குன்றனாரை நமது பிள்ளைகள் அறிவர்.

1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ்நெற் 97 என்ற மாநாடு நடந்தது. 1999 பெப்ரவரியில் சென்னையில் தமிழ்நெற் 99 நடந்தது. தமிழ்99 என்று நாம் சொல்லும் விசைப்பலகை அதன் வழியாகவே வந்தது. அந்த ஆண்டு மே மாதத்திலேயே கோவிந்தசாமி காலமானார். அதற்கு முன்னரே, 1991 இல், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யுனிகோட் அட்டவணையின் முதற் பதிப்பு வந்துவிட்டது. இந்தியாவின் ஒழுங்கு ஒன்றைப் பின்பற்றித் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதிலே 'க' என்ற உயிர்மெய்தான் அடிப்படை எழுத்து. 'க்' என்ற மெய்யை எழுத அதன்மேல் புள்ளி சேர்க்க வேண்டும். மெய்யே முதல், அதன்மேல் உயிர் ஏறி வருவது உயிர்மெய் என்று படித்தும் படிப்பித்தும் வந்த நம்மைப் போன்றவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். இதைப் பற்றி அறிஞர்கள் பலகாலம் விவாதித்தார்கள். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்துக்கு இருபதாம் நூற்றாண்டில் நடந்த ஒரு பெரிய உரைச்சண்டை என்றே நான் இதைச் சொல்வேன். அந்த விவாதங்கள் மாநாட்டு மலர்களிலும், சிறு பிரசுரங்களிலும், சஞ்சிகைப் பக்கங்களிலும்தான் நடந்தன.

இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. வேடிக்கை என்பதைவிட வேதனை என்பதே பொருத்தம். கணனி பற்றிய எழுத்துகள் கணனியிலேயே பத்திரமாக இருக்கும் என்று பலரும் எண்ணினார்கள். ஆனால் 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஒழுங்கில் இருந்தன. ஓர் எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால், பொருளற்ற குறிகளின் குவியல்தான் வரும். இலங்கையில் பாமினி எழுத்துருவைப் பாவித்தவர்களுக்கு இந்த அனுபவம் நன்றாகத் தெரியும். அத்தோடு, அந்நாளில் சேமித்து வைத்த நெகிழ்தட்டுகளைப் படிக்கும் இயந்திரமும் இன்று கடைகளில் இல்லை. தட்டுகளில் பூஞ்சணம் படிந்துவிட்டது. அதே காலத்தில் அச்சடித்த தாளை எடுத்து விரித்தால், இப்போதும் வாசிக்கலாம். தமிழ்க் கணனியின் பிள்ளைப்பருவத்துக்கு இன்று சாட்சி சொல்லக்கூடியது பெரும்பாலும் தாள்தான்.

நான் இந்தத் தாள்களைச் சேர்க்கத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. பெரிய தொகுப்பு என்று சொல்ல மாட்டேன். மூன்று தகரப் பெட்டிகள், அவ்வளவுதான். மாநாட்டு மலர்கள் சில, தமிழ் மென்பொருளோடு வந்த பாவனைக் கையேடுகள் சில, பத்திரிகைகளில் வந்த கணனிப் பத்திகளின் வெட்டுத்துண்டுகள், தனியார் வகுப்புகளில் கொடுத்த குறிப்புத் தாள்கள். கல்முனையில் பழைய பேப்பர் வாங்குகிற கடைக்காரர் ஒருவர் என் முகத்தைக் கண்டதும், "மாஸ்டர், இண்டைக்கு உங்கட சாமான் ஒண்டுமில்ல" என்று முந்திக்கொண்டு சொல்லும் அளவுக்கு நான் அங்கே பழக்கப்பட்டவன்.

அந்தப் பெட்டிகளிலே நான் மிகவும் மதிப்பது, மருதமுனை நண்பர் ஒருவர் கொடுத்த கட்டைத்தான். 1990களின் நடுப்பகுதியிலே தமது வீட்டு முன்னறையில் இரண்டு கணனிகளை வைத்து அவர் வகுப்பு நடத்தினார். தமிழில் பாடநூல் கைக்கு எட்டாத காலம். ஆங்கிலக் கையேட்டை இரவிலே படித்து, தமிழிலே குறிப்பு எழுதி, மெழுகுத் தாளில் வெட்டி, றோனியோவில் அடித்து, காலையில் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். அந்த நாட்களின் நெருக்கடிகளை நான் விவரிக்க வேண்டியதில்லை. மின்சாரம் எப்போது வரும், வீதி எப்போது திறக்கும் என்று தெரியாத காலம். அதற்குள்ளே தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அந்த ஒரே அறையில் இருந்து படித்தார்கள்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தது. நமது கரையோரம் அன்று இழந்த உயிர்களுக்கு முன்னால் தாளைப் பற்றிப் பேசுவதே கூசுகிறது. நண்பரின் முன்னறை போயிற்று, கணனிகள் போயின. குறிப்புத் தாள்கள் மட்டும் உள்ளே தள்ளியிருந்த அவருடைய உம்மாவின் வீட்டில் அலுமாரிக்கு மேலே இருந்தன. அவற்றை என்னிடம் தந்தபோது அவர் சொன்னார்: "இதை வச்சு என்ன செய்யப்போறீங்க சேர்? நான் எண்டா எப்பவோ நிறுத்துக் குடுத்திருப்பன். எழுத்துள்ள தாளைக் காலுக்குள்ள போடப்படாது எண்டு உம்மாதான் எடுத்து மேல வச்சவ."

எங்கள் வீட்டிலும் அம்மா அப்படித்தான். தாளிலே கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்வார். அந்த உம்மா தமிழ்க் கணனி வரலாற்றைக் காக்கிறோம் என்று நினைத்திருக்க மாட்டார். எழுத்துக்குச் செய்த மரியாதை வரலாற்றையும் காத்துவிட்டது.

அந்தக் கட்டிலே என்ன இருக்கிறது? ஒரு தமிழ் ஆசிரியனுக்கு அது பொற்கிண்ணம். முதற் பக்கத்தில் கணிப்பொறி என்று தலைப்பு. நாலாம் பக்கத்தில் கணனி. இடையிலே கொம்பியூட்டர். விசைப்பலகை ஒரு பக்கத்தில் சாவிப்பலகை. இன்னொரு பக்கத்தில் கீபோட். நினைவகத்துக்கு முதலில் ஞாபகப் பகுதி என்று எழுதி, அதை வெட்டி, நினைவகம் என்று திருத்தியிருக்கிறார். வெட்டிய கோடும் றோனியோவில் விழுந்திருக்கிறது. ஒரு சொல் பிறக்கும்போது படும் வேதனையை அந்தக் கோட்டில் பார்க்கலாம்.

கணனியா, கணினியா என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. இலங்கைப் பத்திரிகைகளில் நீண்டகாலம் கணனி என்றே எழுதினோம். கணினி என்ற வடிவமும் இன்று நன்றாக வேரூன்றிவிட்டது. இரண்டுக்கும் வேர் கணி என்ற வினைதான். எது சரி என்று தீர்ப்புச் சொல்வதைவிட, எந்த ஆண்டில், எந்த ஊரில், யார் எந்த வடிவத்தை எழுதினார்கள் என்று காட்டுவதே மொழியாசிரியனின் கடமை. அகராதியில் முடிந்த முடிபுதான் இருக்கும். அதற்கு முன் நடந்த போராட்டத்தை அறிய முதல் தாள்கள்தான் வேண்டும்.

கல்முனைக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் காரைதீவில்தான் சுவாமி விபுலானந்தர் பிறந்தார். யாழ்நூல் தந்த அவர், விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியருமாவார். 1930களில் சென்னையில் தமிழ்க் கலைச்சொல் ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். அந்தப் பணியின் பயனாகச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938 இல் கலைச்சொற்கள் என்ற நூலை வெளியிட்டது. இரசாயனத்துக்கும் பௌதிகத்துக்கும் கணிதத்துக்கும் தமிழ்ச் சொல் தேடிய அந்த மரபுதான், அறுபது ஆண்டுகள் கழித்து, பக்கத்து ஊரான மருதமுனையின் முன்னறையில் ஞாபகப் பகுதியை வெட்டி நினைவகம் என்று எழுதியது. விபுலானந்தரின் நூல் நூலகங்களில் இருக்கிறது. றோனியோக் கட்டு அலுமாரிக்கு மேலே இருந்தது. மதிப்பில் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

பழைய அச்சைக் காப்பது நமக்கு முன்னோர் காட்டிய வழி. சி.வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளோடு போராடி 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர், நூல் என்றும் துண்டுப் பிரசுரம் என்றும் நாடக விளம்பரம் என்றும் பேதம் பாராது சேர்த்தார். 1992 இல் அவர் மறைந்த பின், சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் துணையோடு அந்தச் சேகரிப்பு 1994 இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. நம் நாட்டிலே 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்த இழப்பை மறக்காத இளைஞர்கள் 2005 இல் நூலகம் என்ற இணைய நூலகத்தைத் தொடங்கி, ஈழத்து எழுத்துகளை ஒவ்வொரு பக்கமாகப் படம்பிடித்து ஏற்றி வருகிறார்கள். ஒலுவிலில் நமக்கென்று ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஆகவே, கொடுப்பதற்கு இடமில்லை என்று இனிச் சொல்ல முடியாது. கொடுப்பதற்குரிய தாளை இனங்காண்பதுதான் மிச்சம்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் அப்படியான தாள் இருக்கக்கூடும். தமிழில் எழுதிய பழைய கணனி வகுப்புக் குறிப்பு, மென்பொருளோடு வந்த சிறு கையேடு, அச்சகங்களில் எழுத்துருப் பட்டியல் ஒட்டிய அட்டை, பாடசாலைக் கணனிக் கழகத்தின் கையெழுத்துச் சஞ்சிகை, பத்திரிகைப் பத்தியின் வெட்டுத்துண்டு. இவற்றைக் கண்டால் கடலைச் சரைக்குக் கொடுக்க வேண்டாம்.

வைத்திருக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நமது கரையின் உப்புக்காற்று இரும்பை முதலில் தின்னும். ஆகையால் தாளில் குத்திய ஊசிகளையும் கம்பிகளையும் மெதுவாகக் கழற்றிவிடுங்கள். துரு ஏறினால் அந்த இடம் பொடிந்துவிடும். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்ட வேண்டாம். சில வருடங்களில் அதன் பசை மஞ்சளாகித் தாளையும் கெடுத்துவிடும். பிளாஸ்டிக் உறை பூசி இறுக்கவும் வேண்டாம். தரையில் வைக்காமல், சுவரோடு சாய்க்காமல், உயரத்தில் உலர்ந்த இடத்தில் வையுங்கள்; கறையானும் இராமபாணப் பூச்சியும் ஈரத்தைத் தேடித்தான் வரும். தொலைநகல் தாளாக இருந்தால் உடனே போட்டோப் பிரதி எடுங்கள். அதன் எழுத்து வெளிறி மறைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதியவர் யார், எந்த ஊர், எந்த வருடம், எங்கே அச்சடித்தது என்பதைத் தனித்தாளில் குறித்து அதனோடு வையுங்கள். ஏ.ஏ.எல். என்ற மூன்று எழுத்தை அடா என்று அறிய, அவரை அறிந்தவர்கள் அன்று இருந்தார்கள். நமது றோனியோத் தாள்களில் பலவற்றுக்கு அந்த மூன்று எழுத்துகூட இல்லை. எழுதியவரை அறிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்தத் தாள்கள் நாளை பவுணுக்கும் டொலருக்கும் விலைபோகும் என்று நான் ஆசை காட்டவில்லை. பெரும்பாலானவை ஒரு சதத்துக்கும் போகமாட்டா. ஆனால் நமது மொழி இந்தப் புதிய இயந்திரத்துக்குள் எப்படி நுழைந்தது, யாருடைய உழைப்பினால் நுழைந்தது என்று நாளை ஒரு பிள்ளை கேட்டால், பதிலாக எடுத்துக் காட்ட நம்மிடம் வேறொன்றும் இல்லை. வருகிற விடுமுறை நாளிலே ஒருதரம் உங்கள் அலுமாரிக்கு மேலே ஏறிப் பாருங்கள்.